இருபதாவது பெட்டி

என் சித்தப்பா முப்பத்தாறு வருஷம் சென்னைத் துறைமுகத்தை நம்பிப் பிழைத்தவர். இதைச் சொன்னதும் அவரைக் கப்பலோட்டி என்றோ, குறைந்தபட்சம் கிரேன் ஓட்டுகிறவர் என்றோ நீங்கள் கற்பனை செய்துகொண்டால் அது என் குற்றமல்ல. எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில், மெரீனாவில் அலை காலில் பட்டாலே அவருக்குத் தலை சுற்றும். லிங்கிச் செட்டித் தெருவில், இரண்டாவது மாடியில், ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் அவர் குமாஸ்தா. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கும் சரக்குக்கு உரிய காகிதங்களை எழுதி, கஸ்டம்ஸ் ஹவுஸில் மேஜை மேஜையாக நின்று, தீர்வை கட்டி, சரக்கை வெளியே கொண்டுவந்து உடையவரிடம் ஒப்புவிப்பது அவர் வேலை.

அவரிடம் ஒரு வேடிக்கையான பழக்கம் உண்டு. யாராவது மில்காரரோ, அச்சாபீஸ்காரரோ வந்து, "ஐயா, எனக்கு ஒரு மெஷின் வருகிறது" என்றால், அவர் முதலில் எடை கேட்க மாட்டார்; விலை கேட்க மாட்டார்; எந்தக் கப்பல் என்றுகூடக் கேட்க மாட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கூட யார் வருகிறார்?" என்பார். புகுந்த வீட்டுக்கு வரும் பெண்ணோடு துணைக்கு யார் வருகிறார்கள் என்று சம்பந்தியம்மாள் விசாரிப்பது போல இருக்கும். சிறு வயதில் நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அதை அவர் கடைசிக் காலத்தில்தான் என்னிடம் சொன்னார். அவர் போன பிறகு, வேறு எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது, ஜெர்மனி தேசத்தில் 1835-ஆம் வருஷம் நடந்த ஒரு சம்பவம் கண்ணில் பட்டது. படித்து முடித்ததும் சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பது போலிருந்தது. ஆகவே முதலில் ஜெர்மனிக் கதையைச் சொல்லிவிட்டு அப்புறம் அவர் கதைக்கு வருகிறேன்.

சுங்கம் என்பது நமக்குப் புதிய சமாசாரம் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சோழனின் சுங்க அதிகாரிகள் மூட்டைகளின் மேல் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை பாடியிருக்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்கோ 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர். வரி போட்டவனைவிட வரியை எடுத்தவனைத்தான் ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்தக் காலத்துச் சுங்க அதிகாரிக்கு ஒரு சௌகரியம் இருந்தது. மிளகு மூட்டையை நிறுக்கலாம்; குதிரையை எண்ணலாம்; துணியை முழம் போடலாம். இன்னது என்று கண்ணுக்குத் தெரியும். எந்திரம் என்று ஒன்று உலகத்துக்கு வந்ததும் இந்த நிம்மதி போயிற்று. பெரிய எந்திரத்தை முழுசாகக் கப்பலில் ஏற்ற முடியாது. கழற்றித் துண்டு துண்டாகப் பெட்டிகளில் அடைத்துத்தான் அனுப்ப வேண்டும். அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒன்றில் குழாய், ஒன்றில் சக்கரம், ஒன்றில் திருகாணிகள். இவருக்கு எதிரே இருப்பது எந்திரமா, இரும்பா? இரும்புக்கு ஒரு தீர்வை, எந்திரத்துக்கு ஒரு தீர்வை என்று இருக்கும்போது, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேனாவை எடுக்க முடியாது.

ஜெர்மனி என்று இன்று நாம் ஒரே பெயரால் சொல்லும் பூமி அப்போது முப்பத்தொன்பது ராஜ்யங்களாகச் சிதறிக் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி ராஜா அல்லது பிரபு, தனி எல்லை, தனிச் சுங்கச் சாவடி. வடகோடியிலிருந்து தென்கோடிக்கு ஒரு வண்டிச் சரக்கு போய்ச் சேருவதற்குள் வண்டிக்காரன் எத்தனை முறை மூட்டையை அவிழ்த்துக் கட்டியிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். பிரெடெரிக் லிஸ்ட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1819-ல் வியாபாரிகளைத் திரட்டி, உள்ளுக்குள் இருக்கும் இந்தச் சாவடிகளை ஒழிக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார். அதே மனிதர்தான் பின்னால், தேசம் முழுவதும் ரெயில் பாதை போட வேண்டும் என்றும் ஓயாமல் எழுதினார். இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு கைகள் என்பது அவர் கட்சி. அவருடைய சொந்த வாழ்க்கை பரிதாபமானது. நாடு கடத்தப்பட்டு, கடன்பட்டு, 1846-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆனால் அவர் கேட்ட இரண்டும் அவர் உயிரோடிருக்கும்போதே ஆரம்பமாகிவிட்டன. 1834 ஜனவரி முதல் தேதி பதினெட்டு ராஜ்யங்கள் சேர்ந்து ஒரு சுங்கக் கூட்டணி அமைத்தன. சுமார் 2 கோடியே 30 லட்சம் ஜனங்கள் ஒரே சுங்க எல்லைக்குள் வந்தார்கள். பவேரியா ராஜ்யமும் அதில் ஒன்று.

அந்தப் பவேரியாவில், நியூரம்பர்க் என்ற பழைய நகரத்திலிருந்து பக்கத்து ஊரான ஃபூர்த்துக்கு ஒரு ரெயில் விடுவது என்று சில வியாபாரிகள் தீர்மானித்தார்கள். தூரம் மொத்தம் 6 கிலோ மீட்டர்தான். நம் ஊரில் சந்தைக்கு நடந்து போகிற தூரம். ஜார்ஜ் சக்கரியாஸ் பிளாட்னர் என்ற வணிகரும், யோஹான்னஸ் ஷாரர் என்ற நகரப் பிரமுகரும் முன் நின்று கம்பெனி ஆரம்பித்துப் பங்கு சேர்த்தார்கள். பாதைக்கு வேண்டிய தண்டவாளங்கள் நாய்வீட் என்ற ஊரிலிருந்து வந்தன. அது பிரஷ்யாவைச் சேர்ந்தது. பிரஷ்யாவும் சுங்கக் கூட்டணிக்குள் இருந்ததால் தீர்வைத் தொல்லை கிடையாது. ஆக, பாதை தயார். அதன் மேல் ஓடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை!

ஜெர்மானிய ராஜ்யங்களில் அப்போது ரெயில் எஞ்சின் செய்யத் தெரிந்தவர் யாரும் கிடையாது. மலிவாகச் செய்து தருகிறோம் என்று முன்வந்தவர்களும் சொன்னபடி செய்து தரவில்லை. கடைசியில் 1835 மே மாதத்தில், இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தில் இருந்த ராபர்ட் ஸ்டீவன்சனின் தொழிற்சாலைக்கு ஆர்டர் போயிற்று. எஞ்சினுக்கு 'ஆட்லர்' என்று பெயர். கழுகு என்று அர்த்தம்.

கழுகு பறந்து வரவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளாகக் கழற்றப்பட்டு, 19 மரப்பெட்டிகளில் அடைபட்டு வந்தது. மொத்த எடை 177 ஜெந்த்னர். ஜெந்த்னர் என்பது அவர்கள் ஊர் நிறை. ஏறத்தாழ ஐம்பது கிலோ. ஆக, சுமார் ஒன்பது டன் பாரம். செப்டம்பர் மாதத்தில் கப்பலேறி ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் துறைமுகத்துக்கு வந்தது. அங்கிருந்து படகில் ஏறி, நீராவிக் கப்பலின் இழுவையில் ரைன் நதியை எதிர்த்துக் கொலோன் நகரத்துக்கு வந்தது. மேலே போகப் போக நதியில் தண்ணீர் போதவில்லை. கடைசித் தூரத்தைக் குதிரை வண்டிகளில் கடந்து, அக்டோபர் 26-ஆம் தேதி நியூரம்பர்க் வந்து சேர்ந்தது. குதிரைகளின் பிழைப்பைக் கெடுக்கப் போகிற எந்திரத்தைக் குதிரைகளே இழுத்து வந்து சேர்த்தன.

வழியெல்லாம் இந்தப் பாரம் எத்தனை காகிதங்களைக் கடந்து வந்தது என்று யோசித்தால் சித்தப்பாவின் தொழிலுக்கு மரியாதை பிறக்கும். ரைன் நதி அந்தக் காலத்தில் இலவசப் பாதை அல்ல. கரையோர ராஜ்யங்கள் படகுகளிடம் சுங்கம் வசூலித்துவந்தன. 1831-ல் அந்த ராஜ்யங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்து வசூலை ஒழுங்குபடுத்தின. வசூல் அடியோடு ஒழிய 1868 வரையில் ஆயிற்று. அதையும் தாண்டி வந்தால் சுங்கக் கூட்டணியின் இறக்குமதித் தீர்வை நிற்கிறது. அந்தத் தீர்வை பெரும்பாலும் விலையின் மேல் விதித்தது அல்ல. எடையின் மேல் விதித்தது. சர்க்கரை ஆனாலும் சரி, நூல் ஆனாலும் சரி, ஜெந்த்னருக்கு இவ்வளவு. விலையில் பொய் சொல்லலாம், தராசில் சொல்ல முடியாது என்பதால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் உலகத்திலேயே கனமான புதுமை ஒன்று வந்து நிற்கும்போது அந்த நல்ல ஏற்பாடு எவ்வளவு பாரமாகிவிடும்! தராசுக்கு ஆட்லர் என்பது 177 ஜெந்த்னர் வார்ப்பும் தகடும், அவ்வளவுதான்.

ரெயில் கம்பெனியார் தீர்வை மாப்பு வேண்டும் என்று விண்ணப்பம் போட்டார்கள். எந்த நியாயத்தின் பேரில்? 'ரெயில் ஓட்டுவதற்கு எஞ்சின் கொண்டுவருகிறோம், தயவு செய்யுங்கள்' என்று கேட்டிருந்தால் காரியம் நடந்திருக்குமோ என்னவோ. அவர்கள் கேட்ட விதம் வேறு. இதுவரை நம் நாட்டில் யாரும் அறியாத ஓர் எந்திரம் இது. நம் தொழிற்சாலைகள் பார்த்துச் செய்வதற்கு ஒரு மாதிரியாக இதைக் கொண்டுவருகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பல சிரமங்களுக்குப் பிறகு நிதி மந்திரி இலாகா அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் அனுமதி ரெயில் கம்பெனியின் பெயரில் கிடைக்கவில்லை. நியூரம்பர்க்கில் எந்திரத் தொழிற்சாலை வைத்திருந்த யோஹான் வில்ஹெல்ம் ஷ்பேட் என்பவருடைய பெயரில் கிடைத்தது. மாதிரி பார்த்துச் செய்ய வேண்டியவர் தொழிற்சாலைக்காரர்தானே? ஆகவே அவருக்குத்தான் தீர்வை இல்லாமல் கொண்டுவரும் உரிமை!

இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஜனங்களை ஏற்றிக்கொண்டு நாளைக்கே ஓடப்போகிற வண்டியைப் பள்ளிக்கூடத்துக் களிமண் பொம்மை மாதிரி, 'பார்த்து வரைவதற்கு' என்று எழுதிக் கொடுத்து வெளியே கொண்டுவருவது என்றால், அந்த விண்ணப்பத்தை எழுதிய குமாஸ்தா யாரோ, அவர் என் சித்தப்பாவுக்குப் பெரியப்பா முறை ஆக வேண்டும்.

ஆனால் சிரித்து முடித்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அது பொய்தானா? ஆட்லர் நியூரம்பர்க் வந்த மூன்றாம் வருஷம், 1838-ல், டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் 'ஸாக்ஸோனியா' என்ற எஞ்சினை ஜெர்மானியரே செய்து முடித்தார்கள். 1841-ல் பெர்லினில் போர்ஸிக் என்பவர் தம் முதல் எஞ்சினைச் செய்தார். அதே 1841-ல் பவேரியாவின் தலைநகரமான மியூனிக்கில், மாஃபை என்பவருடைய தொழிற்சாலை முதல் பவேரிய எஞ்சினை வெளியிட்டது. நாற்பது வருஷம் கழித்துப் பார்த்தால் ஜெர்மன் எஞ்சின்கள் அந்நிய நாடுகளுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. தீர்வையைத் தவிர்ப்பதற்காக எழுதிய ஒரு வாக்கியம் ஆறு வருஷத்தில் நிஜமாகிவிட்டது. கதை எழுதுகிற எனக்கு இதில் ஒரு பொறாமை உண்டு. நான் எழுதிய எந்தக் கதையும் இப்படிப் பலித்ததில்லை.

பெட்டிகளை ஷ்பேட்டின் பட்டறையில் பிரித்தார்கள். தொழில் பள்ளி ஆசிரியர் ஒருவர் மேற்பார்வை பார்த்தார்; உள்ளூர்த் தச்சர்கள் கை கொடுத்தார்கள். அவர்களில் யாரும் அதற்கு முன் ரெயில் எஞ்சினைத் தொட்டவர்கள் அல்ல. ஆனாலும் நவம்பர் 16-ஆம் தேதி எஞ்சின் தண்டவாளத்தின் மேல் ஓடிக் காட்டிவிட்டது. வந்து சேர்ந்து மூன்றே வாரம்! டிசம்பர் 7-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு, இருநூறு விருந்தாளிகளோடு, ஒன்பது நிமிஷத்தில் ஃபூர்த் போய்ச் சேர்ந்தது.

எப்படி நடந்தது இந்த அதிசயம்? பத்தொன்பது பெட்டிகளில் வராத ஒன்று அவற்றோடு கூட வந்திருந்தது. அதன் பெயர் வில்லியம் வில்சன்.

வில்சனுக்கு அப்போது வயது இருபத்தாறு. ஸ்டீவன்சன் தொழிற்சாலையில் பழகியவர். எந்தக் குழாய் எந்தத் துவாரத்தில் பொருந்தும், நீராவி எங்கே சீறினால் பயப்பட வேண்டும், எங்கே சீறினால் பயப்பட வேண்டாம் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அந்தத் தலைக்கு எந்தச் சாவடியிலும் நிறை போடவில்லை. ஜெந்த்னருக்கு இவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. இருபதாவது பெட்டி இரண்டு காலால் நடந்து எல்லையைத் தாண்டிவிட்டது. அதன் மதிப்பு மட்டும் கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கம்பெனி டைரக்டருக்குக் கொடுத்ததைவிட அதிகச் சம்பளம் அவருக்குக் கொடுத்தார்கள். நீண்ட கறுப்புக் கோட்டும் உயர்ந்த தொப்பியுமாக அவர் எஞ்சின் மேல் நிற்பதைப் பார்க்கவே ஜனங்கள் கூடினார்களாம்.

இந்த வில்சன் பன்னிரண்டு வருஷம் முன்னதாகப் புறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? குற்றவாளி ஆகியிருப்பார். தொழில் தெரிந்தவர்கள் வெளிதேசத்தில் போய் வேலை செய்வதை இங்கிலாந்து 1718-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. எச்சரித்த பிறகும் ஆறு மாதத்துக்குள் திரும்பாதவன் சொத்துரிமையையும் குடியுரிமையையும் இழப்பான். 1774-ல் நூற்பு, நெசவு சம்பந்தமான கருவிகளைக் கப்பலேற்றத் தடை வந்தது. 1781-ல் கருவிகளின் படங்களையும் மாதிரிகளையும்கூட அந்தத் தடைக்குள் சேர்த்தார்கள். மீறினால் சரக்கு பறிமுதல், 200 பவுன் அபராதம், ஒரு வருஷச் சிறை.

இதிலே ஒரு வேடிக்கை. யானை போன்ற நீராவி எஞ்சின் அந்தத் தடையில் சேரவில்லை. பிரான்ஸோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, பாரிஸ் நகரத்துக்குத் தண்ணீர் இறைக்க ஜேம்ஸ் வாட்டின் எஞ்சின் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து போயிருக்கின்றன. ஆனால் ஒரு நூற்பு எந்திரத்தின் கதிரை மடியில் கட்டிக்கொண்டு போனால் ஜெயில்! எது பெரியது, எது சிறியது என்பதைக் கண்ணால் அல்ல, பயத்தால் அளந்தார்கள். லங்காஷயரின் செல்வம் கதிரில் சுற்றியிருந்தது.

அந்தத் தடையால் ஏதாவது நின்றதா? 1789-ல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இருபத்தோரு வயது வாலிபன், பெற்ற தாயிடம்கூட முன்கூட்டிச் சொல்லாமல், கப்பலேறும் சமயத்தில் ஒரு கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, அமெரிக்கா போய்ச் சேர்ந்தான். கையில் படம் இல்லை, மாதிரி இல்லை. ஆறேழு வருஷம் நூற்பு ஆலையில் தொழில் பழகிய ஞாபகம் மட்டும் இருந்தது. மறுவருஷம் டிசம்பரில், பாட்டக்கெட் என்ற இடத்தில், அந்த ஞாபகத்திலிருந்து செய்த எந்திரங்கள் நூல் நூற்றன. அவனை அமெரிக்கர்கள் தொழிலின் தந்தை என்கிறார்கள். அவன் பிறந்த ஊரிலோ துரோகி என்றார்கள். சாவடியில் அவன் துணி மூட்டையைச் சோதித்த உத்தியோகஸ்தர் தம் கடமையைச் சரியாகத்தான் செய்திருப்பார். பாவம், மண்டையைத் திறந்து பார்க்க அவருக்கு அதிகாரம் இல்லை.

இங்கிலாந்துக்கே இது புரிந்தது. தொழிலாளிகள் வெளியேறுவதற்கு இருந்த தடையை 1824-ல் எடுத்தார்கள். எந்திரங்களுக்கு மட்டும் பெர்மிட் முறை வைத்து இன்னும் கொஞ்ச காலம் இழுத்துப் பார்த்தார்கள். பெர்மிட் கிடைக்காத எந்திரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை இந்தக் கப்பலிலும் மறு துண்டை இன்னொரு கப்பலிலும், வேறு சாமான்களோடு கலந்து கடத்தினார்கள். மனிதன் போகலாம், கருவி போகக் கூடாது என்ற அந்தச் சட்டம் 1843-ல் ஒழிந்தது. ஆகவே 1835-ல் வில்சன் பயமில்லாமல் தொப்பியைச் சரி செய்துகொண்டு கப்பலேற முடிந்தது.

சில மாதங்களுக்கு என்று வந்த வில்சன் திரும்பிப் போகவேயில்லை. ஜெர்மானியர்களுக்கு எஞ்சின் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார், பட்டறையைக் கவனித்தார், 1862-ல் நியூரம்பர்க்கிலேயே காலமானார். அவர் ஓட்டிய கழுகு அவருக்கு முன்பே போய்விட்டது. 1857-ல் அதைப் பழைய சாமானாக விற்றுவிட்டார்கள். நூறாவது ஆண்டு விழாவுக்காக 1935-ல் அதைப் போலவே இன்னொன்று செய்தார்கள். அதுவும் 2005-ல் தீ விபத்தில் வெந்துபோய், மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. இரும்பை எத்தனை முறை வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இனி, சித்தப்பாவின் கதை.

1989-ஆம் வருஷம். ஈரோட்டுப் பக்கம் சிறிய காகித ஆலை வைத்திருந்த ஒருவர், ஐரோப்பாவிலிருந்து ஒரு முழு எந்திரத் தொகுதிக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். அதில் முக்கியமானது, ஈரக் காகிதத்தை உலர்த்துகிற ஒரு ராட்சத வார்ப்பிரும்பு உருளை. பெட்டியில் அடங்காது, கப்பலின் மேல்தளத்தில் கட்டிக் கொண்டுவர வேண்டும். லாரியில் ஏற்றினால் ராத்திரியில்தான் ஓட்டலாம். முன்னால் நான்கு பேர் மூங்கில் கழியோடு நடந்து தெருவின் கரண்டுக் கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

இப்படிப் பல கப்பல்களில் துண்டு துண்டாக வரும் தொழிற்சாலையை என்ன செய்வது என்பதற்கு அதற்குள் சர்க்கார் வழி செய்திருந்தது. 1986-ஆம் வருஷத்து விதிகளின்படி, ஒப்பந்தத்தைக் கஸ்டம்ஸ் ஹவுஸில் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால், திருகாணியிலிருந்து உருளை வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே தொழிற்சாலையாகப் பாவித்து ஒரே சலுகை விகிதத்தில் தீர்வை விதிப்பார்கள். கழற்றிய எந்திரமும் எந்திரமே என்று, பல தேசங்களுக்கும் பொதுவாக 1988-ல் அமலுக்கு வந்த தீர்வை அட்டவணையும் சொல்லியிருந்தது. நியூரம்பர்க்காரர்கள் 'மாதிரி' என்று கதை கட்டிச் சம்பாதித்ததை, இப்போது நேர் வழியிலேயே பெறலாம். ஒரே நிபந்தனை: சரக்கில் முதல் துண்டு வெளியே போவதற்கு முன் பதிவு நடந்திருக்க வேண்டும்.

முதல் கப்பலில் உருளை வரவில்லை. பதினோரு சிறிய பெட்டிகள் மட்டும் வந்தன. துறைமுகத்தில் வாடகை ஏறுகிறதே என்று சித்தப்பா அவசரப்பட்டார். 'உதிரி பாகங்கள்' என்று எழுதி, சாதாரணத் தீர்வை கட்டி, மூன்று நாளில் வெளியே கொண்டுவந்துவிட்டார். கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார். அடுத்த மாதம் உருளை வந்தது. அப்போதுதான் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யப் போனார்.

அந்த அதிகாரி நல்ல மனிதர் என்றே சித்தப்பா சொன்னார். காகிதங்களைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டாராம்: "கை காலை எல்லாம் உதிரி பாகம் என்று எழுதி வெளியே அனுப்பிவிட்டீர்கள். இப்போது உடம்பை மட்டும் கொண்டுவந்து, இதை முழு மனுஷனாகப் பார் என்றால் எப்படி ஐயா பார்ப்பது?"

சட்டப்படி அவர் சொன்னது சரி. ஃபைல் மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. நான்கு மாதம். உருளை துறைமுகத்தின் திறந்த வெளியில் தார்பாலினைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. தினமும் டெமரேஜ் ஏறியது. அதைப் பொருத்திக் கொடுப்பதற்கென்று கம்பெனி அனுப்பிய வெள்ளைக்காரப் ஃபிட்டர் ஈரோட்டில் ஒரு லாட்ஜில் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தார். இட்லி பழகினார், ஊர்ப் பையன்களோடு பந்து விளையாடினார், தவணை முடிந்ததும் விமானமேறிப் போய்விட்டார்.

"சரக்கை விட்டுவிட்டார்கள்டா கடைசியில்," என்றார் சித்தப்பா. "கட்ட வேண்டியதெல்லாம் கட்டியாயிற்று. உருளை ஊர் போய்ச் சேர்ந்தது. சேர்த்துக் கட்டத் தெரிந்தவன் இல்லை. ஆலைக்கு வெளியே வேப்ப மரத்தடியில் போட்டு வைத்திருந்தார்கள். வேலைக்கென்று எடுத்து வைத்திருந்த அறுபது பேரில் பாதிப் பேர் திருப்பூர் போய்விட்டார்கள்."

"முதலாளி திட்டினாரா?"

"திட்டியிருந்தால் தேவலையே. ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். உன் சித்தி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, வேறு ஏதோ பேசிவிட்டு, போய்வருகிறேன் என்று போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'உதிரி பாகங்கள்' என்று எழுதியது என் கைடா. என் கையெழுத்துதான்."

கோயமுத்தூரிலிருந்து ஒரு வயதான ஃபிட்டர் வந்து, பழைய மில்களில் பார்த்ததை ஞாபகம் வைத்து, பதினோரு மாதம் கழித்து அந்த எந்திரத்தை நிறுத்தி ஓட்டினாராம். ஓடியது, ஆனால் நடுங்கிக்கொண்டு ஓடியது. மூன்று வருஷத்தில் ஆலை கை மாறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி சித்தப்பாவிடம் ஒட்டிக்கொண்டது. எந்திரத்தின் பெயரையும் எடையையும் அவர் இரண்டாவதாகக் கேட்டார். முதல் பெட்டி வருவதற்கு முன்னாலேயே ஒப்பந்தத்தைப் பதிவு செய்தார். வருகிற ஆள் எந்தத் தேதியில் வருகிறார், எத்தனை நாள் இருப்பார் என்பதைத் தம் டயரியில் சிவப்பு மசியில் எழுதிக்கொண்டு, அந்தத் தேதிக்குள் சரக்கு வெளியே போயாக வேண்டும் என்று மேஜை மேஜையாக அலைந்தார். அவர் ஓய்வு பெறுகிற வரையில் ஒரு ஃபிட்டர்கூடச் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை என்று, அவருடன் வேலை பார்த்தவர்கள் காரியத்துக்கு வந்தபோது சொன்னார்கள்.

நியூரம்பர்க் கதையை அவர் உயிரோடிருக்கும்போது நான் படித்திருந்தால் சொல்லியிருப்பேன். பத்தொன்பது பெட்டி, 177 ஜெந்த்னர், ராட்டர்டாம், கொலோன் என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும். கூட யார் வந்தான்?" என்று கேட்டிருப்பார்.